மலைத் தண்ணீர் சேரும் கரையில் பேராமை

ஆடிவேலுக்குக் கதிர்காமம் போகும் பதுளைத் தோட்டத்துச் சனம் மாணிக்க கங்கையில் முங்கி எழாமல் கோயிலுக்குள் கால் வைப்பதில்லை. அந்தக் கங்கை தங்கள் பக்கத்துத் தண்ணீர் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்ததுதான். பதுளைக்கும் பசறைக்கும் மேலே 2,036 மீற்றர் உயரத்தில் நிற்கும் நமுனுகுல மலைத்தொடரில் ஊறி, தேயிலைச் சரிவுகளின் கான்களில் இறங்கும் தண்ணீர், ஓடை ஓடையாகச் சேர்ந்து புத்தளையைக் கடந்து, கதிர்காமத்துக்கு வரும்போது தீர்த்தமாகிவிடுகிறது. அதன் பிறகு அது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது யால காட்டுக்குள் நுழைந்து கடலில் விழுகிறது.

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. பதுளை, மொனராகலை இரண்டுமே நிலம் சூழ்ந்த மாவட்டங்கள். ஆனால் இலங்கையின் தென்கிழக்குக் கரையில் கடலில் சேரும் ஆறுகளைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தால், பெரும்பாலும் ஊவாவில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும். பண்டாரவளைப் பக்கத்து மலைகளில் பிறக்கும் கிரிந்தி ஓயா வெல்லவாயவையும் திஸ்ஸமகாராமவையும் கடந்து பூந்தல அருகே கடலை அடைகிறது. லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்து நீர் கும்புக்கன் ஓயாவாகிக் குமணவுக்குப் போகிறது. உகந்தையிலிருந்து காட்டு வழியே கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் இறங்கிக் கடக்கும் ஆறு இதுதான். பதுளை மாவட்டத்தில் 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பம்பரகந்த அருவியின் நீரும் வளவை கங்கையில் கலந்து அம்பலாந்தோட்டையில் கடலைத் தொடுகிறது. இந்த முகத்துவாரங்களுக்கு நடுவிலும் அக்கம்பக்கத்திலும் கிடக்கும் மணல்வெளிகளில், இருட்டிய பிறகு, நூறு கிலோவுக்கும் மேல் எடையுள்ள விலங்குகள் கடலிலிருந்து ஏறி வருகின்றன.

உலகில் கடலாமைகள் 7 வகை. அவற்றில் 5 வகை இலங்கைக் கரையில் முட்டையிடுகின்றன. தமிழ் மீனவர்கள் சித்தாமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என்று பிரித்துச் சொல்லும் வரிசையில், பேராமை என்பதுதான் பச்சைக் கடலாமை. பெயரில் பச்சை இருந்தாலும் ஓட்டில் அதைத் தேடக் கூடாது. ஓடு பழுப்பாகவோ ஒலிவ் நிறமாகவோதான் இருக்கும். பச்சையாக இருப்பது உள்ளே உள்ள கொழுப்பு. ஆமையை அறுத்துத் தின்றவர்கள் வைத்த பெயர் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

வயலோரக் குளத்து ஆமையைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பேராமையிடம் முதலில் உறுத்துவது அதன் தலை. குளத்து ஆமை ஆபத்து என்றால் தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். கடலாமையால் அது முடியாது. நீந்துவதற்காகக் கால்கள் துடுப்புகளாக நீண்டுவிட்டன. அவற்றை மடக்கி வைக்க ஓட்டுக்குள் இடம் இல்லை. வளர்ந்த பேராமையின் ஓடு ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம். மூக்குக்கு மேலே, இரு கண்களுக்கும் நடுவில் பார்த்தால் ஒரே ஒரு சோடிச் செதில் தெரியும். அழுங்காமைக்கு அதே இடத்தில் இரண்டு சோடி. ஆய்வாளர்கள் டோர்ச்சை ஒரு கணம் அடித்து வகை சொல்வது இந்த அடையாளத்தை வைத்துத்தான்.

ஆமையையே பார்க்காமல் மணலைப் பார்த்தும் சொல்லலாம். சித்தாமையும் அழுங்காமையும் வலது, இடது என்று மாற்றி மாற்றித் துடுப்பு வைத்து நகரும். தடமும் மாறி மாறி விழும். பேராமை இரண்டு முன் துடுப்புகளையும் ஒரே நேரத்தில் ஊன்றி உடலை முன்னே தள்ளும். ஆகவே அதன் தடம் இருபுறமும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலத்தில், நடுவில் வால் இழுபட்ட கோட்டோடு கிடக்கும். தள்ளுவதும் நின்று மூச்சு வாங்குவதுமாக அது மேடேறி வரும். வழியில் ஒரு வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ தெரிந்தால் முட்டையிடாமலே திரும்பிவிடும்.

இடம் பிடித்துவிட்டால் முதல் வேலை, தன் உடல் அமிழும் அளவுக்கு முன் துடுப்புகளால் ஒரு பள்ளம் பறிப்பது. அதற்குள் படுத்துக்கொண்டு, பின் துடுப்புகளால் முட்டைக்கான குழியைத் தோண்டும். இந்தக் கட்டம்தான் கவனித்துப் பார்க்க வேண்டியது. ஆமைக்குத் தன் பின்புறம் தெரியாது. வலது துடுப்பு வளைந்து ஒரு கை மணலை அள்ளி வெளியே வைக்கும். உடனே இடது துடுப்பு வாயோரத்து மணலைத் தட்டிவிட்டு உள்ளே இறங்கும். இப்படியே மாறி மாறி, அரை மீற்றருக்கும் மேலான ஆழத்தில், அடியில் அகன்று வாயில் குறுகிய குழி ஒன்று உருவாகிவிடும். துடுப்பு அடியைத் தொட முடியாத ஆழம் வந்ததும் நிறுத்திக்கொள்ளும். பிறகு முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழும்; ஒரு தடவைக்கு நூறு, நூற்றிருபது வரை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4.5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டை. ஓடு உடையாது; தோல் போல நெளியும் என்பதால் விழுந்த உயரத்தில் ஒன்றுக்கும் சேதமில்லை.

அந்த நேரத்தில் ஆமையின் கண்ணிலிருந்து நீர் வழியும். பிரசவ வேதனை என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். உண்மையில் அது உப்பு. கடல்நீரைக் குடித்து வாழும் பிராணியின் இரத்தத்தில் சேரும் மிகை உப்பைக் கண்ணோரத்துச் சுரப்பிகள் இரவும் பகலும் வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. கடலுக்குள் அது நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். குழியை மூடி, எந்த இடத்தில் முட்டை இருக்கிறது என்று தெரியாதபடி சுற்றிலும் மணலை வாரி இறைத்துவிட்டு அது கடலுக்குத் திரும்ப இரண்டு மணி நேரம் போல ஆகிவிடும். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரும். ஒரே பருவத்தில் இப்படிப் பல முறை வந்துவிட்டு, அடுத்த சில ஆண்டுகளுக்குத் தலைகாட்டாது.

முட்டை மணலுக்குள் போன பிறகு தாய்க்கு அதனோடு தொடர்பு இல்லை. லயத்துக் கோழி அடைகாக்கும்போது முட்டையை நாளுக்குப் பல தடவை புரட்டிப் போடும். புரட்டாவிட்டால் குஞ்சு ஒட்டிக்கொள்ளும் என்பது வீட்டில் கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரியும். ஆமை முட்டை நேர் எதிர். இட்ட சில மணி நேரத்துக்குள் கரு முட்டையின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளத் தொடங்குகிறது. அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துப் போகும். காலையில் மணலைக் கிளறி எடுத்து, வாளியில் அள்ளிப் போட்டு, மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் வேறிடத்தில் புதைக்கப்படும் முட்டைகளில் பொரிக்காமல் போவது ஏன் அதிகம் என்பதற்கு இதுவே விடை.

மணல் செய்யும் இன்னொரு வேலை இதைவிட விசித்திரமானது. குஞ்சு ஆணா பெண்ணா என்பது கருத்தரிக்கும்போது முடிவாவதில்லை. ஐம்பது, அறுபது நாள் அடைகாலத்தின் நடுப்பகுதியில் மணலின் வெப்பம் எவ்வளவு என்பதே அதை முடிவு செய்கிறது. ஏறக்குறைய 29 பாகை செல்சியஸில் இரண்டும் சரிபாதி. அதற்கு மேலே போகப் போகப் பெண், கீழே வர வர ஆண். ஆகவே மணல் வெளுப்பா கறுப்பா, பொடியா பருமனா, நிழல் உண்டா, மழை பெய்ததா என்பதெல்லாம் ஒரு தலைமுறையின் ஆண், பெண் கணக்கில் வந்து நிற்கிறது. அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த பேராமைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான கட்டுரை ஒன்று, இளம் ஆமைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் பெண்கள் என்று கண்டது. வளர்ந்த ஆமைகளில் அந்த விகிதம் 87 சதவீதம் அளவில்தான் இருந்தது. அதாவது, சூடேறும் கடற்கரையின் கணக்கு இளையவற்றில் முதலில் தெரிகிறது. அவை பெரிதாகி இணை தேடும் நாளில்தான் அதன் விளைவு தெரியும். இலங்கையில் தங்காலைக்கு அருகிலுள்ள ரெக்கவைக் கரையில் ஆமைகள் ஆண்டு முழுவதும் ஏறுகின்றன என்பதால் மழைக்கால மணலுக்கும் வெயில்கால மணலுக்கும் இங்கே பங்கு கிடைக்கிறது. அது ஓரளவு நல்ல செய்தி.

பொரித்த குஞ்சு உடனே வெளியே வராது. கூட்டில் உள்ள எல்லாம் சேர்ந்து நெளிந்து, மேல்மண்ணைத் தட்டி அடியில் போட்டு, அதன் மேல் ஏறிச் சில நாளில் மேற்பரப்புக்கு அருகே வந்து நிற்கும். மணல் குளிரும்வரை, அதாவது இருட்டும்வரை காத்திருந்து, கூட்டமாக வெளிப்படும். ஐந்து சென்ரிமீற்றர் நீளம். மேலே கறுப்பு, அடியில் வெள்ளை. மேலிருந்து பார்க்கும் பறவைக்கு இருண்ட கடலோடும், கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வெளுத்த வானத்தோடும் கலந்துவிட அந்த இரு நிறம் உதவுகிறது. கடல் எந்தப் பக்கம் என்பதை அது வெளிச்சத்தால் அறிகிறது. இயற்கையான கரையில் தாழ்வான அடிவானத்தில் அதிகம் வெளுத்திருப்பது கடல்தான். கரையில் ஹோட்டல் விளக்கு எரிந்தால் குஞ்சு ஹோட்டலுக்குப் போகும். விடியும்போது காகத்துக்கு இரையாகும்.

கடலைத் தொட்டதும் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க ஓயாமல் நீந்தும். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தரும் சக்தியில், கரையோரத்து மீன்களின் வாயிலிருந்து தப்பி ஆழ்கடலுக்குப் போய்விட வேண்டும் என்பதற்கான ஓட்டம் அது. தெற்குக் கரையில் சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தப்படும் பல குஞ்சு பொரிப்பகங்களின் கோளாறு இங்கேதான் இருக்கிறது. குஞ்சுகளைச் சீமெந்துத் தொட்டியில் நாட்கணக்கில் வைத்துக் காட்டுகிறார்கள். அந்த ஒரு நாள் வெறி தொட்டிச் சுவரில் முட்டி மோதியே தீர்ந்துவிடுகிறது. பிறகு பட்டப்பகலில், படம் எடுக்க வசதியாக, கடலில் விடுகிறார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள், அன்பு உயிரியல் தெரிந்ததாகவும் இருந்தால் நன்றாக இருக்கும்.

அதன் பிறகு குஞ்சு ஆண்டுக்கணக்கில் மனிதர் கண்ணில் படுவதில்லை. நீரோட்டங்களில் மிதக்கும் பாசிக் கூட்டங்களோடு அலைந்து, கிடைத்த சிறு உயிர்களைத் தின்று வளர்கிறது. ஓரளவு வளர்ந்ததும் கரையோரத்துக்கு வந்து கடற்புல்லுக்கும் பாசிக்கும் மாறுகிறது. வளர்ந்த கடலாமைகளில் இப்படிப் பெரும்பாலும் தாவர உணவிலேயே வாழ்வது பேராமை ஒன்றுதான். பெண் முட்டையிடும் பருவத்தை எட்ட 25, 30 ஆண்டுகள், சில இடங்களில் அதற்கும் மேல் ஆகும். அப்போது அது தான் பிறந்த கரைப் பக்கமே திரும்பி வருகிறது.

எப்படித் திரும்புகிறது? புவியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் சாய்விலும் வலிமையிலும் மாறுகிறது. அதை உணரும் திறன் ஆமைக்கு உண்டு. அமெரிக்காவின் கென்னத் லோமனும் அவரது குழுவினரும் 2004-இல் புளோரிடாவில் இளம் பேராமைகளை ஒரு தொட்டியில் விட்டு, சுற்றிலும் கம்பிச் சுருள்களால் செயற்கைக் காந்தப்புலம் உண்டாக்கினார்கள். சுமார் 340 கிலோமீற்றர் வடக்கே உள்ள இடத்தின் காந்தப்புலத்தைக் காட்டியபோது ஆமைகள் தெற்கு நோக்கி நீந்தின. அதே அளவு தெற்கே உள்ள இடத்தின் புலத்தைக் காட்டியபோது வடக்கு நோக்கின. தொட்டியை விட்டு நகராமலே, தாம் வீட்டிலிருந்து எந்தப் பக்கம் விலகியிருக்கிறோம் என்பதை அவை கணக்குப் போட்டிருக்கின்றன.

இலங்கையில் இதற்கு இணையான சுவாரசியத்தை ரெக்கவை தந்தது. இந்தக் கரை, நாட்டில் பேராமைகள் அதிகம் ஏறும் இடங்களில் முதன்மையானது. 2006, 2007 ஆண்டுகளில் இங்கே முட்டையிட வந்த 10 பேராமைகளின் ஓட்டில் செய்மதிக் கருவி பொருத்தி அனுப்பினார்கள். முட்டையிட்டு முடித்ததும் எல்லாம் ஒரே திசையில் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. போக்கு தெரிந்த ஒன்பதில் மூன்று ஆமைகள் ரெக்கவையிலிருந்து 60 கிலோமீற்றருக்குள்ளேயே ஆழமில்லாத கரையோரங்களில் தங்கிவிட்டன; இரண்டு முட்டையிடலுக்கு நடுவிலும்கூட அங்கே போய் வந்தன. ஐந்து ஆமைகள் 350 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள கரையோரங்களுக்குப் பயணப்பட்டன. இன்னொன்று நடுக்கடலிலுள்ள பவளத்தீவு ஒன்றுக்குப் போய், அங்கிருந்தும் ஆழ்கடலுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. ஒரே கரையில் ஏறிய, ஒரே இனத்து ஆமைகளின் முகவரிகள் இவை. ரெக்கவைக் கரையை எவ்வளவு நன்றாகக் காவல் காத்தாலும், காவலாளியின் கண்ணில் ஆமை இருப்பது சில இரவுகள், ஓர் இரவுக்கு இரண்டு மணி நேரம். மிச்ச வாழ்க்கை முழுவதும் வேறு எங்கோ, கடற்புல் வளரும் இடத்தில்.

கடற்புல் பாசி அல்ல; வேரும் பூவும் உள்ள உண்மையான தாவரம். பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் புத்தளம் களப்பிலும் அது பரந்து வளர்கிறது. தமிழ்நாடு அரசு 2022-இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது இந்தப் புல்லை நம்பித்தான். பேராமையின் தாடை ஓரம் அரம் போலப் பல் பல்லாக இருக்கும். புல்லைக் கடித்து அறுக்க அது வசதி. ஒரு திட்டை மேய்ந்துவிட்டு, வேறிடம் போகாமல், அங்கேயே திரும்பத் திரும்ப வந்து புதிதாகத் துளிர்த்த நுனிகளை மேயும் பழக்கமும் அதற்கு உண்டு. இளந்துளிரில் சத்து அதிகம், நார் குறைவு. கவ்வாத்துக்குப் பின் வரும் கொழுந்தின் அருமை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஆமை கூடினால் எல்லாம் நலம் என்றும் எழுதிவிட முடியாது. இலட்சத்தீவுகளின் அகத்தித் தீவுக் களப்பில் பேராமைகள் பெருகி, கடற்புல்லை வேர் தெரிய மேய்ந்துவிட்டன. புல்லை நம்பியிருந்த மீன்கள் குறைந்தன. மீனவர்கள் ஆமைகளைத் திட்டினார்கள். அங்கே புல் தீர்ந்ததும் ஆமைகள் அடுத்த தீவின் களப்புக்கு நகர்ந்தன. அங்கும் அதே கதை. ஒவ்வொரு தீவாகக் கடற்புல் இப்படிச் செயலிழந்ததை இந்திய ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். பேராமையைத் தின்னும் பெரிய சுறாக்களை மனிதர்கள் பிடித்துத் தீர்த்ததற்கும் இதில் பங்கு உண்டு என்பது ஒரு வாதம். மேயும் பிராணியும் மேய்ச்சல் நிலமும் வேட்டையாடுபவையும் சேர்ந்திருந்தால்தான் கணக்கு சரிவரும். ஒன்றை மட்டும் காப்பாற்றிவிட்டு மார்தட்ட முடியாது.

காப்பாற்றும் எண்ணமே புதிதுதான். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட், யாழ்ப்பாணச் சந்தையில் ஆமையை உயிரோடு வைத்துக்கொண்டே கேட்கிற துண்டை அறுத்துக் கொடுத்ததைப் பதிவு செய்திருக்கிறார். அவரே இன்னொன்றும் சொல்கிறார்: 1840 ஒக்டோபரில் பாணந்துறையில் ஆமை இறைச்சி தின்ற 28 பேர் நோயில் விழுந்து, அந்த இரவே 18 பேர் இறந்தார்கள். ஆமை தின்னும் சில உணவுகளிலிருந்து அதன் இறைச்சியில் நஞ்சு சேர்வதுண்டு. சமைத்தாலும் அது போகாது. அப்படியும் பழக்கம் நிற்கவில்லை. தூத்துக்குடிப் பக்கம் ஆமை இரத்தத்தை மருந்தென்று குடித்தவர்கள் அண்மைக்காலம் வரை இருந்தார்கள். இலங்கையில் 1972-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகுதான் 1937-ஆம் ஆண்டு வனஜீவராசிகள் கட்டளைச் சட்டம் கடலாமைகள் எல்லாவற்றையும் காக்கத் தொடங்கியது. இந்தியச் சட்டமும் அதே 1970-களில் வந்தது.

சட்டம் வந்ததும் முட்டைத் திருட்டு ஓயவில்லை. ரெக்கவையில் ஏறக்குறைய எல்லாக் கூடுகளும் மனிதக் கைக்கே போய்க்கொண்டிருந்தன. 1993-இல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புத் திட்டம் என்ற அமைப்பு 1996-இல் அங்கே ஒரு வேலை செய்தது. முட்டை எடுத்து விற்றுப் பிழைத்தவர்களையே சம்பளத்துக்குக் காவலாளிகள் ஆக்கியது. எந்த இடத்தில் ஆமை ஏறும், எந்த மேட்டில் குழி இருக்கும் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்? முட்டையை இடம் மாற்றாமல், தாய் இட்ட இடத்திலேயே விட்டுக் காத்தார்கள். 2006-இல் ரெக்கவை கடலாமைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தக் கதையின் மிக நல்ல பகுதி இது என்பதில் ஐயமில்லை. பலனை மட்டும் அவசரப்பட்டுக் கேட்கக் கூடாது: 1996-இல் காப்பாற்றப்பட்ட கூடுகளிலிருந்து கடலுக்குப் போன பெண் குஞ்சுகள் இப்போதுதான் முட்டையிடும் வயதுக்கு வந்துகொண்டிருக்கின்றன.

உலக அளவில் அப்படிப்பட்ட பொறுமைக்குப் பலன் தெரிந்துவிட்டது. 2025 ஒக்டோபரில் அபுதாபியில் கூடிய சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், 1980-களிலிருந்து அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று வைத்திருந்த பேராமையை, குறைந்த கவலைக்குரிய இனம் என்ற நிலைக்கு மாற்றியது. 1970-களிலிருந்து உலகத் தொகை ஏறக்குறைய 28 சதவீதம் கூடியிருக்கிறது என்பது அதன் மதிப்பீடு. இது உலகச் சராசரி. எல்லாக் கரைகளிலும் இதே நிலை என்று இதற்குப் பொருள் இல்லை. செவுள் வலையில் சிக்கிய ஆமை மூச்சு விட மேலே வர முடியாமல் மூழ்கித்தான் சாகிறது. அது எந்தப் பட்டியலையும் பார்ப்பதில்லை. 2021-இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, பிளாஸ்டிக் மணிகளையும் இரசாயனங்களையும் கடலில் கொட்டியபோது, அடுத்த சில வாரங்களில் 170-க்கும் மேற்பட்ட ஆமைகளின் உடல்கள் இலங்கைக் கரைகளில் ஒதுங்கின.

இனி மலைக்கு வரலாம். தென்கிழக்குக் கரையில் ஆமை குழி பறிக்கும் மணல் எங்கிருந்து வந்தது? அதில் ஒரு பெரும் பங்கு மலைப்பாறை. வெயிலிலும் மழையிலும் பொடிந்த பாறையை ஆறுகள் உருட்டி இறக்கி முகத்துவாரத்தில் சேர்க்க, அலையும் நீரோட்டமும் அதைக் கரை நெடுகப் பரப்புகின்றன. அலை ஒவ்வொரு ஆண்டும் கரையிலிருந்து மணலை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். ஆறு கொண்டுவந்து ஈடுகட்டாவிட்டால் கரை குறுகும். குறுகிய கரையில் முட்டைக்குழி அலை எட்டும் இடத்துக்கு வந்துவிடும். உப்புநீர் புகுந்தால் கரு மூச்சடைத்துப் போகும்.

ஊவாவின் ஆறுகள் இப்போது முன்போல் இல்லை. கிரிந்தி ஓயாவின் குறுக்கே 1980-களில் லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் வந்தது. மாணிக்க கங்கையை வெஹெரகல அணை மறித்து, ஒரு பகுதி நீரை அங்கே திருப்புகிறது. மகாவலிக்குப் போக வேண்டிய உமா ஓயாவின் நீர்கூட, 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட திட்டத்தின் சுரங்கம் வழியாக, வெலிமடைப் பக்கத்திலிருந்து கிரிந்தி ஓயாப் படுகைக்கு வருகிறது. வறண்ட வயல்களுக்கு இந்த நீர் தேவை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அணைக்கட்டு நீரைப் பிரித்துக் கொடுப்பதோடு நிற்பதில்லை. கனமான மணல் நீர்த்தேக்கத்தின் வாயிலேயே படிந்துவிடுகிறது. நீரில் தொங்கும் மெல்லிய சேற்றில் ஒரு பகுதி மதகையும் தாண்டிப் போகிறது. அணைக்குத் தப்பிய மணலை அள்ள இருக்கவே இருக்கின்றன டிப்பர்கள். ஆமைக்கு வேண்டியது மணல், வேண்டாதது சேறு. வேண்டியது மலைப்பக்கம் தங்கிவிட, வேண்டாதது கடலுக்குப் போகிறது. கடற்புல் வாழ வெளிச்சம் வேண்டும். கலங்கிய நீர் அதை மறைக்கிறது. ரெக்கவையின் மூன்று ஆமைகள் தங்கிய அந்த 60 கிலோமீற்றர் எல்லைக்குள்ளேயே வளவை முகத்துவாரமும் கிரிந்தி ஓயா முகத்துவாரமும் அடங்குகின்றன என்பதை வரைபடத்தில் எவரும் அளந்து பார்க்கலாம்.

மேலே என்ன நடக்கிறது என்பது தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செடி அடர்ந்து மண்ணை மூடிய தேயிலை மலையில் மழைத்துளி நேராக மண்ணில் விழாது. வயதான செடிகள் பட்டுப்போய் வெற்றிடம் விழுந்த மலையிலும், சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி இழுத்த உருளைக்கிழங்குக் காணியிலும் முதல் மழைக்கே கான் செம்மண் நிறத்தில் ஓடும். 1951-ஆம் ஆண்டிலேயே நாட்டில் மண் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பழைய தோட்டங்களில் சரிவின் குறுக்கே கான் வெட்டுவதும், அதில் சேரும் மண்ணை அள்ளி மறுபடி செடியடியில் போடுவதும் தனி வேலையாக, தனிப் பேராக நடந்தது. ஆள் குறைந்து, செலவு கட்டாது என்று கைவிடப்பட்ட வேலைகளில் இது முதல் வரிசையில் நிற்கிறது. தோட்டத்துக்கு இது முதலில் சொந்த நட்டம்: போகிற மண்ணோடு போட்ட உரமும் போகிறது. கடலுக்கு ஏற்படும் நட்டத்தை யாரும் கணக்கெழுதுவதில்லை.

பொலித்தீன் கணக்கு அதைவிட எளிது. ஆற்றில் போட்டது கடலுக்குப் போகும். பதுளை நகரத்து ஓடைகளில் எறிவது பதுளு ஓயா, துன்ஹிந்த, மகாவலி வழியே மூதூர்ப் பக்கம் கொட்டியார் விரிகுடாவுக்கு; கதிர்காமத்தில் எறிவது யால கரைக்கு. கடலில் மிதக்கும் எல்லாம் நீரோட்டங்கள் சந்திக்கும் இடங்களில் சேர்கின்றன. ஆமைக் குஞ்சுகள் இரை தேடுவதும் அங்கேதான். அவுஸ்திரேலியாவில் இறந்த கடலாமைகளின் குடலை ஆராய்ந்து 2018-இல் வெளியான முடிவின்படி, குடலில் 14 பிளாஸ்டிக் துண்டுகள் சேர்ந்தாலே ஆமை அதனால் சாகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஒரு லன்ச் ஷீட் கிழிந்தால் 14 துண்டுக்கு மேலேயே தேறும். பாத யாத்திரைக்கும் விழாவுக்கும் போகும் குழுக்கள், கொண்டுபோன பொலித்தீனைத் திரும்பக் கட்டிக்கொண்டு வரலாம். அதற்குச் சட்டமும் வேண்டாம், சங்கமும் வேண்டாம்.

பதுளை, பண்டாரவளை, பசறைப் பாடசாலைகளிலிருந்து ஆண்டுதோறும் தெற்குக் கரைக்குச் சுற்றுலா போகிறார்கள். பட்டியலில் ஆமை பார்ப்பதும் ஒன்று. அழைத்துப் போகும் ஆசிரியர்கள் பகலில் தொட்டிக் குஞ்சைக் கையில் ஏந்திப் படம் எடுக்க வைக்கும் இடங்களைத் தவிர்க்கலாம். போயே ஆக வேண்டுமென்றால் மூன்று கேள்வி கேட்கட்டும்: முட்டை எங்கிருந்து வந்தது, எத்தனை மணி நேரத்துக்குள் புதைத்தீர்கள், குஞ்சை எப்போது கடலில் விடுகிறீர்கள்? ரெக்கவையில் இரவில் காவலாளிகளோடு போய்ப் பார்க்க முடியும். ஜனவரி முதல் ஜூலை வரை ஆமை ஏறும் வாய்ப்பு அதிகம். ஏறாத இரவும் உண்டு. பிள்ளைகளுக்கு அதை முன்பே சொல்லி வைப்பது நல்லது. டோர்ச்சும் கைப்பேசி வெளிச்சமும் கூடாது. ஆமை குழி பறித்து முட்டையிடத் தொடங்கும்வரை தள்ளியே நிற்க வேண்டும், முன்பக்கம் போகக் கூடாது. கடலாமை முட்டையையோ இறைச்சியையோ விற்பவரைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ அருகிலுள்ள பொலிஸுக்கோ சொல்லலாம்; வாங்குவதும் குற்றமே.